சொல்லாமல் வந்த குத்து

மண்ணூர்
23.8.1979

மகாகனம் பொருந்திய சம்பந்தி சபாபதி அவர்களுக்கு, கோதண்டராமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மரகதமும் என் மகள் இந்திராணியும் வல்லக்கோட்டை முருகன் தயவில் சுகம். தங்கள் குமாரர், எங்கள் மாப்பிள்ளை நடேசனும் சுகம். வலது கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

குத்துச்சண்டை கற்றுத் தருகிறேன் என்று தங்கள் பிள்ளையின் முகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் பொறுத்தேன், இனிப் பொறுப்பதற்கில்லை.

மாப்பிள்ளை ஆலையில் மூன்று வருடமாகத் தற்காலிகம். விளையாட்டுக் குழுவில் சேருகிறவருக்கு வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். கபடிக்கு ஆள் நிறைந்துவிட்டது, குத்துச்சண்டையில் மட்டும் ஓர் இடம். நானோ மெட்ராசில் லாரி ஓட்டிய பதினோரு வருடமும் ஒரு சண்டை விடாமல் கயிற்றோரம் நின்று பார்த்தே கற்றவன். இடது கால் முன்னே, குதிகால் தரையில் படக்கூடாது, மோவாய் நெஞ்சோடு, முழங்கை விலாவை விட்டு விலகக்கூடாது. ஆறே வாரத்தில் எல்லாம் படிந்தது. ஆனால் மாப்பிள்ளைமேல் மாமனார் கை வைக்கலாமா? அதனால் ஒவ்வொரு குத்தையும் முன்கூட்டியே சொன்னேன். "மாப்ளே, இடது வருதுங்க, தலைய அப்பால வாங்கிக்குங்க" என்பேன். அவர் தலையை நகர்த்திய பிறகுதான் என் கை போகும். ஆறு வாரத்தில் ஒரு குத்துகூட அவர்மேல் படவில்லை. எந்த வாத்தியார் இப்படிச் சொல்ல முடியும்? மரகதம் மட்டும், "ஏங்க, மேடையில அந்த ஆளும் சொல்லிட்டுத்தான் அடிப்பானா?" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

போன ஞாயிறு குழுவுக்கு ஆள் எடுக்கும் போட்டி. எதிரே நின்றவன் பெயின்ட் பிரிவுக் கண்ணப்பன். மணி அடித்தது. மாப்பிள்ளை நுனிக்காலில் அழகாக ஒரு சுற்று வந்து, என் பக்கம் காதைத் திருப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணப்பன் குத்திவிட்டான். "இன்னா மாமா, ஒண்ணுமே சொல்லாம குத்துறான்" என்று படுத்தபடியே கேட்டார் தங்கள் பிள்ளை. கண்ணப்பனுக்கு மரியாதை தெரியாததற்கு நானா பொறுப்பு? மேனேஜரே கால் நகர்வைப் பாராட்டி, வரும் ஞாயிறு இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார். அதுவே கடைசி. அதற்கும் நான்தான் வாத்தியார். என் முறையில் ஓர் அணுவும் மாறாது.

சம்பந்தியம்மாள் காமாட்சியம்மாளுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கோதண்டராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், பயிற்சி கொடுக்க வழக்கம்போல் நெல் காயும் களத்துக்குப் போனேன். "இடது வரு" என்பதற்குள் மாப்பிள்ளையின் வலது வந்துவிட்டது. என் முன்பற்கள் இரண்டும் நெல்லில் கிடந்தன. எழுந்து பார்த்தால் மரகதம் அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாகக் கிணற்றடியில் ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அடித்துப் பழக்கியிருக்கிறாள் இந்திராணி. "வேல நிக்கணும் இல்லப்பா" என்கிறாள். இனி வாத்தியார் அவள்தான். ஞாயிறு அவசியம் வாருங்கள், நிரந்தரம் நிச்சயம். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் எனக்கும் கயிற்றோரம் இடம் உண்டு.