லிங்க் போயாச்சு

நோயாளி எண் 4417-க்கு லிங்க் இன்னும் வரவில்லை என்று வரவேற்புப் பெண் மூன்றாவது முறையாக மாடிக்குப் போன் செய்தாள்.

"போயாச்சும்மா. இங்க பச்சை காட்டுது," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அந்தப் பரிசோதனைக்கூடத்தின் இணையதளம் அவர் பொறுப்பு. பாஸ்வேர்டை மறந்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் கவுன்டரை மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்து வெறுத்துப்போன மேனேஜர், பாஸ்வேர்டையே ஒழித்துக்கட்டச் சொல்லிவிட்டார். நேற்றோடு ஒழித்தாகிவிட்டது. இனி நோயாளி எண்ணைத் தட்டினால் போதும். பதிவில் உள்ள போனுக்கு ஒரு லிங்க் போகும், அதைத் தொட்டால் ரிப்போர்ட் திறக்கும். யாருடைய பெயரும் போன் நம்பரும் அவர் திரையில் தெரியாது. அந்தரங்கம் முக்கியம் என்று அவரே செய்த ஏற்பாடு. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

4417 யாரோ ஒரு பெண்மணி. மார்பில் கட்டி. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்திருந்தார்கள். நாலு மணிக்கு ரிப்போர்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். விட்டால் அந்த டாக்டர் கிடைக்க மூன்று வாரம் ஆகும். நேற்றுவரை பாஸ்வேர்ட் போட்டு நானே பார்த்துக்கொண்டிருந்தேனே, அதை எதற்கு எடுத்தீர்கள் என்று போனில் அழுகிறாராம்.

அழுகை என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. முகநூல், மெயில் கணக்கு வழியாகவும் நுழையலாம் என்று அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த வசதியை அப்போதே திறந்துவிட்டார். பெண்மணி மெயில் வழியாக நுழைந்தார். புதுக் கணக்காயிற்றே, இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய, தளம் பதிவில் உள்ள அதே போனுக்கு இன்னொரு லிங்க் அனுப்பியது.

இதற்கிடையில் அவருடைய போன் வேறு உயிரை வாங்கியது. சோதித்துப் பார்க்கத் தன் நம்பருக்கும் காலையிலிருந்து லிங்க் அனுப்பிக்கொண்டிருந்தார். வருவதைப் படிக்காமலே வாரி வாரி அழித்தார்.

ஒரே எண்ணுக்கு இத்தனை லிங்க்கா, எவனோ திருட்டுத்தனமாக நுழையப் பார்க்கிறான் என்று மேனேஜர் கிளம்பிவந்தார். அவரைச் சமாதானப்படுத்த, ஐந்து முறைக்கு மேல் முயன்றால் ஒரு நாள் பூட்டு என்று விதி போட வேண்டியதாயிற்று. அதில் முதலில் மாட்டியது 4417.

மணி மூன்றே கால். பூட்டைத் திறக்கப் பதிவு நம்பரை மாற்ற வேண்டும். அதற்கு 4417-இன் பதிவுப் படிவம் வேண்டும், அது கீழே கவுன்டரில் இருந்தது. கம்ப்யூட்டர்காரரே படியிறங்கி வந்தார்.

"லைன்லதான் இருக்காங்க சார். அழுகைய நிறுத்திட்டாங்க. இப்ப மணி என்னன்னு மட்டும் கேட்டுட்டே இருக்காங்க," என்றாள் வரவேற்புப் பெண், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

அவருக்குக் கோபம் வந்தது. லிங்க் ஒன்பது தடவை போயிருக்கிறது. தப்பு தன்மேல் இல்லை.

"வீட்டுக்காரன் நம்பரக் குடுத்திருப்பாங்கம்மா. பொண்டாட்டி உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறா, அந்த ஆளு என்ன வந்திருக்குன்னு திறந்துகூடப் பாக்கல. அப்படி என்ன வெட்டி முறிக்கிறான்? நம்பரச் சொல்லு, நானே கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

அவள் படிவத்தை எடுத்தாள். நம்பரைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். ரிசீவரை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

"சார், இவங்க ஊழியர் குடும்பச் சலுகையில வந்தவங்க. அதுல ஊழியரோட நம்பர்தான் பதிவாகும். இது உங்க நம்பர்."