டோக்கன் பெருமாளின் விமர்சனம்

"ஹீரோ செத்துட்டாருன்னு அட்டை மேலயே எழுதி ஒட்டினா, அப்புறம் எவன்ணா சிடி எடுப்பான்?"

சிரில் இப்படிக் கேட்டபோது, அதில் என்ன தப்பு என்று பெருமாளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது சிரிலின் வாடகை சிடி கடை. தங்கச் சுரங்கத்தை மூடிய அந்த வருஷம் ஊரில் எல்லாரிடமும் மிஞ்சிக் கிடந்தது பொழுது ஒன்றுதான். அதை நம்பி அவன் பெங்களூரிலிருந்து இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ படங்களாக அள்ளிக்கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிற ரகம் அல்ல. பெரியவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டியவை. அவற்றில் சூரியன் உதிப்பதே இல்லை. மழை பெய்யும், ஹீரோ அழுவான், அழுது முடித்துவிட்டு யாரையாவது கொல்வான். அட்டையைப் பார்த்துத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நிற்பவர்களுக்காக, ஒவ்வொரு படத்தையும் பார்த்துத் தமிழில் நாலு வரி விமர்சனம் எழுதி ஒட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேலை போய் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்த பெருமாள் அகப்பட்டார்.

பெருமாள், சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தவர். கூண்டில் இறங்குகிற ஒவ்வொருவனும் தன் டோக்கனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவான், மேலே வந்ததும் வாங்கிக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். உள்ளே பாறை வெடித்த நாட்களில் பெண்கள் சுரங்கத்தின் கேட்டுக்கு ஓடிவருவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொன்றாக மழுப்பும்போது பெருமாள் மட்டும் வெளியே வந்து, மேலே வந்தவன் பேரையும் வராதவன் பேரையும் நேராகச் சொல்வார். காத்திருப்பவர்களிடம் சுற்றி வளைப்பது பாவம் என்பது அவர் கட்சி. டோக்கன் பெருமாள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. சுரங்கம் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அந்தப் பேர்தான்.

அதே தர்மத்தைத்தான் விமர்சனத்திலும் கடைப்பிடித்தார்.

"கீழே இறங்கியவர் நால்வர். மேலே வந்தவர் மூவர். ஹீரோ வரவில்லை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்கவும்."

கடைக்கு வந்தவர்கள் நின்ற இடத்திலேயே இதைப் படித்து, படமே பார்த்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

செத்தவர்களைப் பற்றி இனி எழுதவே கூடாது என்று சிரில் கண்டிஷன் போட்டான். நியாயம்தான் என்று பெருமாள் ஒப்புக்கொண்டார். அடுத்த படத்துக்கு, "கதாநாயகி, போலீஸ்காரர், நாய் ஆகியோர் நலம்" என்று எழுதினார். மிச்சப் பேர் என்ன ஆனார்கள் என்று கணக்குப் போட ஊரில் யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை.

ஆட்களைப் பற்றியே எழுத வேண்டாம் என்றான் சிரில். பெருமாள் இடத்தைப் பற்றி எழுதினார். "படம் முழுக்க இருட்டு. லைட் போதாது. எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஒழுகுகிறது." சிடியில்தான் கோளாறு என்று ஊர் முடிவு கட்டியது. ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த மனோகர், பழுது சிடியிலா பிளேயரிலா என்று கண்டுபிடிக்க, டிவி, பிளேயர் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டான். அதை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் ஒருவர்கூட சிடி எடுக்கவில்லை.

சிரில் அன்று கத்தவில்லை. அதுதான் பெருமாளுக்குக் கலக்கமாக இருந்தது.

"ஒரே ஒரு தபா நல்லதா எழுதுங்கண்ணா. முடியலன்னா வுட்டுடுங்க, வீட்லயே இருங்க."

வீடு என்றதும் பெருமாள் அடுத்த சிடியைக் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே மனைவி தங்கம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். வேலை என்ன ஆச்சு என்று கேட்காமலே சோற்றைப் போடுவாள். அதைவிட அவள் கேட்டுத் தொலைக்கலாம்.

இருந்ததிலேயே இருண்ட படம், முகத்தில் கரி பூசிக்கொண்டு வரும் ஒரு ஹீரோவுடையது. பெருமாள் அவனுக்குக் கரிமுகத்தான் என்று பேர் வைத்திருந்தார். பூமிக்கடியில் மாட்டிக்கொண்ட தொழிலாளிகளை மீட்கக் கரிமுகத்தான் இறங்குவான். கடைசியில் பாறை சரிந்து, அவனும் அவர்களும் ஒருவர் மிச்சமில்லாமல் போவார்கள். பெருமாள் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள்" என்று எழுதி, கீழே தன் பேரையும் போட்டார். மேலே வராதவனை வந்தான் என்று அவர் சொன்னது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

மறுநாள் அவர் கடைக்குப் போகிறபோது சிரில் வாயெல்லாம் பல்லாக இருந்தான். கரிமுகத்தான் சிடி வாடகைக்குப் போய்விட்டதாம்.

"யாரு எடுத்தா?"

"கோரமண்டல் சரோஜம்மா. இன்னா எழுதிகீதுன்னு என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுகினு, உடனே எடுத்துகினு போச்சு."

பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சரோஜம்மாவின் புருஷன் காத்தவராயன். ஷிஃப்ட் முடிந்தும் அவனுடைய டோக்கன் பலகையில் தொங்கிய நாளில், கேட்டுக்குப் போய் அவளிடம் சொன்னவர் பெருமாள்தான். அவள் அழவில்லை. சரிண்ணா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்தப் பெண் இப்போது தன் பேச்சை நம்பி, எல்லாரும் வருவார்கள் என்று அந்த நாசமாய்ப்போன படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கப் போகிறாள் என்று நினைத்ததும் அவர் எழுந்துவிட்டார்.

சிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டலுக்கு வேகுவேகென்று நடந்தார். வழியெல்லாம் சமாதானம் தேடினார். இதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறது, அதில் எல்லாரும் மேலே வருகிறார்கள் என்று சொல்லலாமா? ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். இந்த வயசில் தொழில் கற்றுக்கொள்கிற வேகம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

சரோஜம்மா லைன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிடி முறத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவளைக் கண்டதும் தேடிப் பிடித்த சமாதானமெல்லாம் மறந்துபோய், அன்று கேட்டில் நின்ற மாதிரியே நின்றார்.

"நான் எழுதினது பொய்மா. அந்தப் படத்துல ஒருத்தரும் மேல வர்ல."

சரோஜம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழியாமல் மெதுவாக உரித்து எடுத்தாள். சிடியை அவரிடம் நீட்டினாள்.

"எங்க வூட்ல டிவியே இல்லண்ணா, இத எடுத்துகினு போங்க, எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு நீங்க எழுதின சீட்டு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."