விசில் டீச்சருக்கு ஒரு பம்ப்

திருச்சியில் விசில் டீச்சரிடம் திட்டு வாங்காத ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் எதிர்வீடு. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், கழுத்தில் தொங்கிய விசிலுக்கு இல்லை. ஒருமுறை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் படியில் தொங்கிய பையன்களைப் பார்த்து ஊதினார். கண்டக்டர்தான் ஊதுகிறார் என்று டிரைவர் காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. "யாரும்மா ஊதினது?" என்று கத்திய கண்டக்டரிடம், "நீ ஊத வேண்டியது. நான் ஊதியிருக்கேன். தேங்க்ஸ் சொல்லு" என்றார். அவரும் சொன்னார்!

அப்படிப்பட்டவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நானும் என் மனைவி மலரும் தில்லை நகர் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்குங்க. உள்ள ஒரு சின்ன பம்ப் வெக்கலாம். சென்னையில செய்வாங்க. வயித்துலேர்ந்து ஒரு ஒயர் வெளிய வரும். பேட்டரிப் பை எப்பவும் தோள்ல இருக்கணும். ஏதாவது கோளாறுன்னா அலாரம் அடிக்கும்."

"அதுவா அடிக்குமா? இத்தனை நாளா நான் அடிச்சா ஊர் நின்னுச்சு. இனிமே அது அடிச்சா நான் நிக்கணுமா?" என்றார் டீச்சர். பிறகு, "பை ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர். வாலிபால் மூட்டையே தூக்கினவ நான். வெச்சுடுங்க."

"கூடவே ஒருத்தர் இருக்கணும். கட்டு மாத்த, மெஷினைப் பார்த்துக்கப் பயிற்சி எடுத்துக்கணும். ஆள் இல்லேன்னா வெக்க மாட்டாங்க. வீட்டுல யார் இருக்காங்க?"

டீச்சர் கழுத்தில் தொங்கிய விசிலை விரலால் உருட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். செலவுக்கு வழி இருந்தது. ஆள்தான் இல்லை.

முசிறியிலிருந்து டீச்சரின் தம்பி குடும்பத்தோடு வந்தார். அவருடைய இரண்டு மகன்களும் டீச்சர் வீட்டில் சாப்பிட்டுத்தான் காலேஜ் முடித்தார்கள். "பண்ணிக்கலாம்க்கா. ஆனா எங்க ஊர்ல அடிக்கடி கரண்ட் போயிடுமே" என்றார் தம்பி. "எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும்" என்றார் அவர் மனைவி. ஜெபம் செய்ய மட்டும் எல்லோரும் தயாராக இருந்தார்கள். மூத்த மகன் பெங்களூரிலிருந்து போனில் வந்தான்.

"அத்தை, நீங்க என்ன முடிவெடுத்தாலும் நான் உங்க பக்கம்."

"பக்கம் இருந்து என்னடா பண்றது? பக்கத்துல இருப்பியா?"

லைன் சரியாகக் கேட்கவில்லை என்றான்.

அப்போதுதான் மலர், "நான் கத்துக்கறேன் டீச்சர்" என்றாள். நானும் தலையாட்டினேன். டீச்சர் அவளையே பார்த்தார். "போடி. ஒரு நாள் உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வர முடியாது உன்னால. பம்ப் வேணாம்."

தம்பி முகத்தில் களை திரும்பியது. "அக்கா தைரியமா முடிவெடுத்துட்டாங்க" என்று எழுந்தார்.

"முடிவை நீங்க எடுத்தீங்க. நான் படிச்சுக் காட்டினேன், அவ்வளவுதான். வடை ஆறுது, சாப்பிட்டுப் போங்க."

சாப்பிட்டுத்தான் போனார்கள்.

சில மாதங்களில் டீச்சர் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் தம்பி வந்தவர்களிடமெல்லாம், "எவ்வளவோ கெஞ்சினோம். பிடிவாதக்காரி, கேக்கல" என்று அழுதுகொண்டிருந்தார். மாலையும் பெரிய மாலைதான்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம். டீச்சர் நின்று நின்று தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கொடுக்கப் போன என்னை முறைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏண்டி மலரு, நெஜமாவே கத்துக்கிட்டிருப்பியா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். மலர் கையை எடுக்கவே இல்லை.