கரண்டி சாரின் உப்பில்லாப் பாடம்

கரண்டி சார் வாயில் படாத குழம்பு தாமிரபரணிக் கரையில் எங்கேயும் கொதித்ததில்லை. ஜெயில் சூப்பரண்டாக இருந்தவர். கைதிகளுக்குச் சோறு போகுமுன் சூப்பரண்டு ஒரு வாய் ருசி பார்த்து "விடு" என்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றார், வேலை போயிற்று, வழக்கம் போகவில்லை. சீவலப்பேரியில் ஒரு கல்யாணத்தில் அண்டா முன்னால் போய் நின்று ருசி பார்த்து, "ம், விடு" என்றார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளைக்குப் பெரியப்பா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரர் என்று நினைத்தார்கள். பந்தி நல்லபடியாக நடந்தது.

பிறகு பாளையங்கோட்டையில் ஜெயில் அதிகாரிகளுக்குத் தலைமைப் பயிற்சி நடந்த இடத்தில் அவர் வாத்தியார், நான் சமையல். என் கைப்பக்குவத்தை நானே சொல்லக் கூடாது, சாப்பிட்டவர்களைக் கேளுங்கள்.

அவருக்கு ஒரே பாடம்தான். எந்த அதிகாரியும் தானே ருசி பார்க்க வேண்டும். படிக்க வந்த ஜெயிலர்களையெல்லாம் அடுப்படியில் நிற்க வைத்தார். அவர்கள் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார்கள். வகுப்பை நிறுத்தலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார்.

அன்று காலை சார் என்னிடம் வந்தார்.

"ஆச்சி, இன்னைக்குத் தேங்காப்பால் சொதியில உப்பு போடாதிய."

"என்னய்யா சொல்லுதிய? கிறுக்கு புடிச்சிட்டா?"

"பெரியவரு நல்லாருக்குன்னு சொல்லுவாரு. எல்லாவனும் ஆமாம் போடுவான். அப்ப நான் எந்திச்சு, உண்மையச் சொல்ல ஒருத்தன் இல்லியான்னு கேப்பேன். அதான் பாடம்."

"பாடம் உங்களோடது. சொதி என்னோடது."

"என் வகுப்பே இதுலதான் இருக்கு ஆச்சி" என்று கைகூப்பினார். நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உப்புப் போட்டேன். உப்பில்லாச் சொதி ஊற்றி நான் பெயரைக் கெடுத்துக்கொள்வதா?

பெரிய அதிகாரி சாப்பிட்டு, "பிரமாதம்" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். சார் எழுந்தார்.

"உப்பே இல்லாத சொதி! சொல்லுததுக்கு ஒருத்தனுக்காவது நாக்கு இருக்கா? நீங்களா ஜெயில நடத்தப் போறிய?"

பெரிய அதிகாரி ஒரு கரண்டி சொதியை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்க ருசி பாத்தீங்களா?"

உப்பில்லை என்று தெரியும் என்பதால் அன்றைக்கு மட்டும் சார் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். விழுங்க நேரமாயிற்று.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

நான் முன்னால் வந்தேன். "நான்தான் போட்டேன். நாளைக்குப் போடாதியன்னு சொன்னாலும் போடுவேன்."

"ஆச்சிய ஒண்ணும் சொல்லாதிய" என்றார் சார். "ருசி பாக்காம விட்டது நான். தப்பு என்னுது." புகார் எழுதியவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

பெரிய அதிகாரி பக்கத்திலிருந்த ஜெயிலரைக் கேட்டார்: "தப்பு என்னோடதுன்னு உங்க மேலதிகாரி யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

ஜெயிலர் பெரிய அதிகாரியின் முகத்தைப் பார்த்து யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"சரி, வகுப்பு நடக்கட்டும்" என்றார் பெரிய அதிகாரி. இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் போனபின் சார் அடுப்படிக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு கேட்டார். வைத்தேன். போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தார். கையை விலக்கிவிட்டு இன்னொரு அகப்பை போட்டேன். பாவம், பிள்ளை இளைத்துத்தான் போயிருந்தது.