பற்றரி அண்ணையும் பிஸ்டல் லைட்டும்

பற்றரியை நாக்கில் வைத்துப் பார்த்தே அதன் மிச்ச ஆயுளைச் சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார்.

சதுரப் பற்றரியை எடுத்து, பாயாசத்துக்குச் சீனி காணுமா என்று பார்ப்பவர்போல நுனிநாக்கில் தொடுவார். கண்ணை மூடி யோசிப்பார். "இது ஞாயிறு மத்தியானம் வரைக்கும் கிடக்கும்" என்பார். ஞாயிறு மத்தியானம் சோற்றில் கைவைக்கும்போது எங்கள் ரேடியோ நின்றுவிடும். சொந்தப் பெயர் அவருக்கு இருந்திருக்க வேண்டும். தமிழ்ச்சனம் முழுவதுக்கும் அவர் பற்றரி அண்ணைதான்.

ஆடி மாதத்து நட்டநடு வெயிலிலும் அவருடைய கால்சட்டைப் பையில் ஒரு டோர்ச் இருக்கும். ஜெர்மன் தமிழர் எல்லோரும் கூடும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் அன்றைக்குக்கூட, ஆயிரக்கணக்கான சனம் வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவர் டோர்ச்சோடு வந்து நின்றார். "எதுக்கு அண்ணை?" என்று கேட்டேன். "வெளிச்சத்தை நம்பேலாது தம்பி" என்றார்.

இவ்வளவு டோர்ச் பைத்தியமான மனிதருக்கு வேறு யாராவது தன் முகத்தில் வெளிச்சம் அடித்தால் மட்டும் ஆகாது. யுத்தம் நடந்த ஊரில் அப்படி முகத்தில் ஒரு லைட் விழுந்தால் அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு ஆமிக்காரனின் துவக்கு இருக்கும். ஒரு கையைத் தூக்க வேண்டும், மறுகையால் அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். அண்ணையின் கைகளுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. ஜெர்மனிக்கு வந்த பிறகும் கைகள் அதை மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வீடியோக்காரர்கள் முகத்தைப் பொசுக்குகிற ஒரு லைட்டோடு வருவார்கள். அது அண்ணை பக்கம் திரும்பினால் போதும். வுப்பர்டாலில் தொண்ணூறுகளில் நடந்த எந்தக் கல்யாணத்தின் கசெட்டையும் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை தாலி கட்டுவார், பொம்பிளை தலை குனிவார், பின்வரிசையில் பற்றரி அண்ணை ஒரு கையைத் தூக்கியபடி மறுகையில் தன் ஜெர்மன் அடையாள அட்டையான அவுஸ்வைஸை நீட்டிக்கொண்டு நிற்பார். பீலெஃபெல்டில் ஒரு பிறந்தநாளில் கேக்கையும் மறைத்துக்கொண்டு அட்டையை நீட்டி, பிள்ளையின் தாயிடம் ஏச்சு வாங்கிக் கட்டினார்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை. வேட்டைச் சாமான், துப்பாக்கிச் சாமான் மொத்தமாக விற்கும் ஒரு கடையின் பொதி கட்டும் பகுதி. துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த இரண்டு பேர் துப்பாக்கி உறைகளைப் பெட்டியில் அடுக்கிச் சம்பளம் வாங்கினோம். விதி இப்படியும் பகிடி விடும்.

அண்ணையின் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக் கிடந்தார்கள். மகளை அவர் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நிரந்தர வேலை இருந்தால்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். முதலாளியோ ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதியில் ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். புதுமாதிரிப் பிஸ்டல்கள் வந்திருந்தன. குழலுக்குக் கீழே ரெயில் தண்டவாளம் மாதிரி இரண்டு பள்ளம். அதில் ஒரு சின்ன லைட்டைத் தள்ளினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். தனி ஆட்களுக்கு இதை விற்கச் சட்டம் விடாது, பொலிசுக்கு மட்டும்தான். பொலிஸ் பயிற்சிப் பிரிவு ஒன்று எதை வாங்கலாம் என்று பார்க்க வருகிறதாம்.

"இந்த ஓர்டர் கிடைத்தால் உங்கள் இரண்டு பேருக்கும் நிரந்தர ஒப்பந்தம்" என்றார் முதலாளி. மாதிரி லைட்டுகளை அண்ணையின் முன்னால் கொட்டினார். "உனக்குத்தான் லைட் தெரியுமே. நல்லதைத் தேர்ந்தெடு."

அன்றிலிருந்து அண்ணை மனிதரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மரத்தில் ஒரு பொய்ப் பிஸ்டல் செதுக்கி, அதன் கீழே யன்னல் திரைச்சீலை ஓடும் தண்டை ஒட்டி, லைட்டுகளை மாறி மாறி மாட்டினார். கையுறை போட்ட பெருவிரலுக்கு சுவிட்ச் எட்டுமா என்று பார்க்க அடுப்படிக் கையுறையோடு வேலைக்கு வந்தார். குளிருக்குத் தாங்குமா என்று பார்க்க லைட்டுகளை முதலாளியின் ஐஸ்கிரீமுக்குள் புதைத்து வைத்தார். விழுந்தால் உடையுமா என்று மாடிப்படியில் உருட்டினார். ஒன்று உருண்டுபோய்க் கணக்குப் பார்க்கும் அம்மாவின் காலில் பட, அந்த அம்மா போட்ட சத்தத்தில் அந்த மாதிரி மட்டும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

அவருக்கு ஒரே கவலை, லைட்டுகளுக்குள் இருந்த புதுமாதிரிக் குட்டைப் பற்றரிதான். "ரெண்டு முனையிலையும் ஒரே நேரத்திலை நாக்கு வைக்கேலாது தம்பி. இதை என்னெண்டு நம்புறது?"

கடைசியில் இரண்டு லைட் மிஞ்சின. ஒன்றுக்கு 'சூரியன்' என்று பெயர் வைத்தார். ஒடுங்கிய, கூரான வெளிச்சம். பார்த்தால் கண்ணுக்குள் ஊசி ஏறும். மற்றது அகலமாகப் பரவும் மங்கல் வெளிச்சம். அதற்கு, ஊரில் மண்ணெண்ணெய்ப் போத்தலில் திரி போட்டு எரிக்கும் விளக்கின் நினைவாக, 'குப்பி விளக்கு' என்று பெயர்.

"சூரியன்தான் தம்பி. குப்பி விளக்கை ஆர் வாங்குவினம்? அதைக் காட்டினால் எங்கடை ஒப்பந்தம் அவ்வளவுதான்."

பொலிஸ்காரர் வந்தார்கள். நரைத்த மீசையோடு கொமிஸார் என்ற அதிகாரி ஒருவர், நேற்றுத்தான் சவரம் பழகியதுபோல ஓர் இளம் பொலிஸ்காரன். அவன் கையில் லைட் மாட்டிய, குண்டில்லாத பிஸ்டல். கடையின் நிலவறையை இருட்டாக்கினார்கள். சோதனை சுலபம். எதிர்முனையில் ஒருவர் கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இளம் பொலிஸ்காரன் லைட்டைப் போட்டதும் கையில் இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். ஆயுதம் என்று பட்டால் விசையை அழுத்த வேண்டும்.

"இவர் நிற்பார்" என்று முதலாளி அண்ணையைத் தள்ளிவிட்டார். அண்ணையின் கையில் ஒரு குடை. லைட் அணைந்தது.

சூரியன் எரிந்தது. குடை தொப்பென்று விழுந்தது. அதை விட்ட கை மேலே நின்றது, மறுகை சட்டைப்பைப் பக்கம் கிளம்பியது.

"கையில் ஒன்றும் இல்லை" என்றான் இளம் பொலிஸ்காரன், குழம்பிப்போய்.

கொமிஸார் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "குடையை விடக்கூடாது." அண்ணை பலமாகத் தலையாட்டினார். "ஓம், ஓம், யா, யா." மறுபடியும் இருட்டு. மறுபடியும் சூரியன்.

இந்தத் தடவை இடக்கை குடையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலக்கைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அது தன்பாட்டில் மின்னலாகச் சட்டைப்பைக்குள் போனது.

வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கொமிஸார் சுவர் லைட்டைப் போட்டார். அண்ணை கண்களை இறுக்கி மூடியபடி, அவுஸ்வைஸை நீட்டிக்கொண்டு நின்றார். இளம் பொலிஸ்காரன் விசையில் வைத்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனிதரைப் பார்த்து எத்தனை கல்யாணத்தில் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணை மெல்லக் கண்ணைத் திறந்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் வியாபாரத்தைத் தொடங்கினார். "நல்ல லைட். மிக நல்ல லைட். என் கண் ஒன்றும் பார்க்கவில்லை." யாரும் அசையாததைக் கண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி எல்லாரும் பேசாமல் நிக்கினம்? ஓடர் பிழைச்சுப் போச்சோ?"

"அண்ணை, அவன் உங்களைச் சுட்டுப்போட்டான்."

"சுட்டால் சுடட்டும். லைற் பிடிச்சிருக்கோ எண்டு கேளும்."

கொமிஸார் என்னிடம் கேட்டார். "ஏன் அட்டையை எடுக்கிறார்?" ஊரில் முகத்தில் வெளிச்சம் அடித்தால் என்ன செய்வோம் என்று சொன்னேன். சொல்லும்போது என் கையும் பாதி உயர்ந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அவர் மீசையை நீவிக்கொண்டு மேசைக்குப் போனார். குப்பி விளக்கைக் கையில் எடுத்தார்.

அண்ணைக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அது வேண்டாம். அது குசினியிலை சமைக்கத்தான் சரி. தம்பி, மனிசனுக்குச் சொல்லும். எங்கடை ஒப்பந்தம்..."

லைட் அணைந்தது. பிறகு குப்பி விளக்கு எரிந்தது. சுவர், நிலம், அண்ணையின் செருப்பு, வயிறு, கை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அது பரவியது. அண்ணைக்குக் கண் கூசவில்லை. கையும் எழும்பவில்லை. வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கும் பையனின் முகமும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் மரியாதையாக, "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னார்.

"குடை" என்றான் பையன். "கறுப்புக் குடை. மற்றக் கை வெறுங்கை. சட்டைப்பையில் பொத்தான் போடவில்லை."

"இதுதான்" என்றார் கொமிஸார்.

புறப்படும் முன் அந்தப் பையன் அண்ணையிடம் வந்தான். அண்ணை வழக்கம்போல அவுஸ்வைஸை எடுத்து நீட்டினார். பையன் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அப்படியே அவருடைய சட்டைப்பைக்குள் திருப்பி வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டுப் போனான்.

ஒப்பந்தம் கைக்கு வந்தது. அதற்காக அண்ணை கொமிஸாரை மன்னித்துவிடவில்லை. "இந்த நாட்டுப் பொலிசுக்கு லைற்றைப் பற்றி ஒண்டும் தெரியாது" என்று சாகும்வரை சொல்லித் திரிந்தார்.

மனைவியும் மகளும் வந்திறங்கிய அன்று டூசெல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியாக வண்டில் நிறையப் பெட்டியோடு ஒரு மனிசி வந்தார். பக்கத்தில் ஒரு சிறுமி, தாயின் சேலையைப் பிடித்தபடி, நின்ற ஆண்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். தகப்பன் எவர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணை பையில் இருந்த டோர்ச்சை எடுத்தார்.

"என்ன அண்ணை, இஞ்சை இவ்வளவு வெளிச்சமாக் கிடக்கு" என்றேன்.

அவர் கேட்கவில்லை. மகள் கண்டுபிடிக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் முகத்தில் தானே லைட் அடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கை சட்டைப்பைக்குப் போகவில்லை.