நான்காம் மாடிக்கு வந்த மந்தை நாய்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அன்பு வணக்கங்கள். இங்கே நான், உங்கள் அக்காள், உங்கள் மருமகள் மூவரும் குதிகால்களைத் தவிர மற்ற எல்லா உறுப்புகளிலும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் நூற்று நாற்பது ஆடுகளும் முழு நலத்தோடு இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கடிதத்தின் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன், நான் பணி ஓய்வு பெற்ற மறுநாள், "அத்தான், இனிமே வீட்ல சும்மாதான இருக்கப் போறீங்க, துணைக்கு இருக்கட்டும்" என்று சொல்லித் தாங்கள் விட்டுச் சென்ற கறுப்பு வெள்ளை நாயை, வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்ப அழைத்துச் செல்லுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கோபத்தில் எழுதுவதாக எண்ண வேண்டாம். பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். ஒரு வண்டி ஏழு நிமிடம் தாமதம் என்றாலும் காரணம் எழுதாமல் கையெழுத்துப் போட்டதில்லை.

தாங்கள் அன்று மாடிப்படி இறங்கிப் போனதும் அந்த நாய் கூடத்தின் நடுவில் வயிறு தரையில் பட, மோவாயைப் பாதங்களின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. கண் இமைக்கவில்லை. பாசம் என்று நான் நினைத்தேன். பசி என்று உங்கள் அக்காள் நினைத்தாள். இரண்டும் இல்லை மச்சான், அது எங்களை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று உருப்படி என்று கணக்கு முடிந்ததும் அதற்குப் பிறகு எங்களில் ஒருவரையும் அது தனியாக விடவில்லை. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காவல். வெளியே வந்தால், துண்டோடு நிற்கிறேனே, துவட்டிக்கொள்ளட்டும் என்ற இரக்கமெல்லாம் கிடையாது. பின்னாலிருந்து முட்டி முட்டிக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை. கொஞ்சம் தயங்கினால் குதிகாலில் ஒரு கவ்வு. இரத்தம் வராது, மரியாதை போய்விடும். உங்கள் அக்காள்தான் மூன்றாம் நாள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். பெயரைக் கேட்டு அது தலையைக்கூடத் திருப்பவில்லை, வேலையில் இருந்தது.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்போம். அந்த நாயைத் தாங்கள் விசிலால் பழக்கியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லாமல் போனீர்கள்? ஒரு விசில் என்றால் மந்தையை இடப்பக்கம் சுற்று, இரண்டு என்றால் வலப்பக்கம், மூன்று என்றால் அத்தனையையும் திரட்டிக் கொண்டு வா என்று தாங்கள் பிறகு ஃபோனில் விளக்கினீர்கள், நடுநடுவே சிரித்துக்கொண்டு. மச்சான், எங்கள் வீட்டில் குக்கர் இருக்கிறது. முதல் விசில் வந்ததும் அது சோபாவை இடப்பக்கமாகச் சுற்றியது. இரண்டாவதற்குத் திரும்பி வலப்பக்கமாக. நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது விசிலுக்கு நான் செய்தித்தாளோடு சமையலறையில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. உங்கள் மருமகள் தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அலுவலகக் கூட்டத்தில் இருந்தவள், காதில் ஹெட்போனுடன், சுழல் நாற்காலியோடு உருண்டு வந்து சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்குள் இருந்த எட்டுப் பேர் காலி அறையைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். உங்கள் அக்காளுக்கு மட்டும் மகா சந்தோஷம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் சாப்பாடு ஆறுவதற்குள் நாங்கள் வந்தது அன்றுதான் என்றாள். அதற்குப் பிறகு வேகவைக்க ஒன்றுமில்லாத நாளிலும் குக்கரில் வெறும் தண்ணீரை வைக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

பூங்கா பக்கத்தில் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். ஓட விட்டால் களைத்துப் படுத்துவிடும் என்று எண்ணித் தினம் ஆறு கிலோமீட்டர் நடந்ததையும், அதில் என் முழங்கால் வீங்கியதையும், நாய் இன்னும் தெம்பானதையும் சொன்னேன். இந்த வகை நாய்க்குக் காலுக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது, மூளைக்குக் கொடுக்க வேண்டும், நாம் கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும் என்றார். அது அதற்குள் தேடிக்கொண்டுவிட்டிருந்தது. காலையில் பூங்காவைச் சுற்றி ஆளுக்கொரு வேகத்தில் நடக்கிறார்களே ஆறு பேர், அவர்கள் சிதறிப் போவது அதற்குப் பொறுக்கவில்லை. நான் கயிற்றை மாற்றிப் பிடிக்கும் நேரத்தில் நழுவிப்போய், ஒரே சுற்றில் ஆறு பேரையும் பெஞ்சுக்கு அருகே ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தியது. ஏழாவதாக ஒரு சைக்கிள்காரர், அவர் நடக்கவே வரவில்லை, பால் பாக்கெட் போட வந்தவர். அவர்களைப் போகவிடு என்று சொல்ல வேறு வழி தெரியாமல் என் பழைய டிப்போ விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு ஊதல் என்றால் எங்கள் பாஷையில் வண்டி புறப்படலாம். அதன் பாஷையில் வலப்பக்கம் என்று தாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை அல்லவா? பால்காரர் அன்று பூங்காவை வலமாக நான்கு முறை சுற்றினார்.

முடி உதிர்வதை எழுதவில்லை. புல்விதை காதுக்குள் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டே மூன்று நாள் நடந்ததையும், அதை எடுக்கக் கால்நடை டாக்டரம்மாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் பிடித்ததையும்கூட விட்டுவிடுகிறேன். நேரே கட்டடக் கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று நான்கு வருடம். பதினோரு வீட்டுக்காரர்களும் வண்டி நிறுத்துமிடத்தில் மாதம் ஒருமுறை கூடுவோம், செயலாளர் பேச ஆரம்பிப்பார், மூன்றாம் மாடி அம்மாள் எழுந்து போவார், அவர் போனாரே என்று இன்னும் இரண்டு பேர் போவார்கள், போதிய ஆள் இல்லை என்று கூட்டம் கலையும். போன மாதம் நான் மேஸ்திரியையும் அழைத்துப் போய், உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் கட்டியிருந்தேன். மூன்றாம் மாடி அம்மாள் எழுந்தார். அதே சமயம் முதல் மாடியில் யார் வீட்டிலோ குக்கர் மூன்று விசில் அடித்தது. நாற்காலி போய்விட்டது மச்சான். நான் மட்டும் அங்கேயே இருந்தேன், தரையில். நாற்காலியை இழுத்துக்கொண்டே அது ஒரு வட்டம் போட்டதில் செயலாளர் உட்படப் பத்துப் பேரும் தண்ணீர் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்கள். என்னையும் வந்து தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாம் மாடி அம்மாள் இரண்டு முறை விலகிப் பார்த்தார், இரண்டு முறையும் பத்திரமாகத் திரும்பி வந்தார். வேறு போக்கில்லாமல் செயலாளர் பேசினார், வேறு போக்கில்லாமல் நாங்கள் கேட்டோம். இருபது நிமிடத்தில் லிஃப்ட் தீர்மானம் நிறைவேறியது. கையோடு இரண்டாவது தீர்மானமும் நிறைவேறியது, அந்த நாய் மாத முடிவுக்குள் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும் என்று. பதினோரு கையும் உயர்ந்தன. என் கையும்தான். அந்த நிலையில் கை தூக்காமல் நிற்கத் துணிச்சல் வரவில்லை.

இனி எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். இதுவரை ஃபோனில்கூட உங்களிடம் சொல்லாதது.

பத்து நாளைக்கு முன் அதன் காதுக்குப் பின்னால் உண்ணி பார்த்தேன், மூன்று. தரைத்தளத்தில் இருப்பவர் முன்பு குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தவர், குதிரைக்காரர் என்றே கூப்பிடுவோம். குதிரைகளுக்குக் கொடுக்கும் பூச்சிமருந்துப் பசை ஒரு குழாய் அவரிடம் இருந்தது. பட்டாணி அளவு கொடுங்கள், உண்ணியெல்லாம் உதிர்ந்துவிடும், என் நாய்க்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். நல்ல மனுஷர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். டாக்டரம்மாவைக் கேட்காமல் நான்தான் ரொட்டித் துண்டில் தடவி நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கித் தின்றுவிட்டு, ரொட்டி இருந்த விரலையும் நக்கியது.

மறுநாள் காலை எழுந்திருக்கும்போது பின்கால் வழுக்கியது. தரை ஈரம் என்று நினைத்தேன். சுவரில் போய் முட்டியது. வாயில் நுரை. கண்மணி இரண்டும் அகன்று விரிந்திருந்தன, முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன், தெரியவில்லை. எண்ணிக்கொண்டேயிருந்த அந்தக் கண்ணுக்கு நான் தெரியவில்லை மச்சான். உங்கள் மருமகள் போர்வையில் சுற்றித் தூக்கினாள், தீர்மானத்துக்குப் பிறகு ஓடத் தொடங்கியிருந்த லிஃப்டில் இறங்கினோம். கீழே செயலாளர் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்தார்.

டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இந்த வகை நாய்ங்க நிறையதுக்கு அந்த மருந்து ஆகாது சார். மத்த நாய்க்கு உடம்போட நின்னுடும். இதுங்களுக்கு மூளைக்குள்ள போயிடும்."

"மாத்து மருந்து ஏதாவது..."

"கிடையாது. அதுவா இறங்கணும். சலைன் ஏத்துறேன். கண்ணுக்குச் சொட்டு விடணும், ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்கணும். மத்தபடி காத்திருக்கணும்."

புரட்டும் நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறு என்ன தெரியும் எனக்கு? ஒரு நோட்டு வாங்கி, டிப்போவில் எழுதுவதைப் போலக் கோடு போட்டு, எட்டு மணி இடப்பக்கம், பத்து மணி வலப்பக்கம், பன்னிரண்டு மணி இடப்பக்கம் என்று எழுதினேன். மருத்துவமனை மூடியபின் அங்கே தங்கும் செவிலிப்பெண் அதே நோட்டில் எழுதிவைத்தாள். காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு நேரமும் தவறவில்லை. குதிரைக்காரர் தினமும் வந்து வாசலில் நின்றார், உள்ளே வரமாட்டேன் என்று. நான்தான் கொடுத்தேன், நீங்கள் இல்லை என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். குக்கர் மூன்று விசில் அடித்தது. யாரும் நகரவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், மகள் அறையில் இருந்தாள், உங்கள் அக்காள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டேயிருந்தாள். அன்று சாப்பாடு ஆறித்தான் போயிற்று.

ஐந்தாம் நாள், பத்து மணிக்கு வலப்பக்கம் புரட்டக் குனிந்தேன். அவன் தானே திரும்பினான். முன்கால் இரண்டையும் ஊன்றி ஒரு முழம் ஊர்ந்து வந்தான். மோந்து பார்த்தான். பிறகு என் குதிகாலைக் கவ்வினான். பல் படக்கூட இல்லை, வெறும் ஈரம்தான். நான் நகர வேண்டுமாம், அவனுக்குச் சரியாகத் தெரியாத ஏதோ ஒரு பக்கமாக. நகர்ந்தேன் மச்சான். அந்த அறை முழுக்க அவன் தள்ளிய பக்கமெல்லாம் நகர்ந்தேன். டாக்டரம்மா கதவருகே நின்று பார்த்துவிட்டு, நோட்டை இனி மூடிவைக்கலாம் என்றார்.

இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான், பார்வை திரும்பிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இது மாடிவீட்டில் மூன்று பேரை மேய்க்கப் பிறந்த நாய் இல்லை. அவனுக்குப் புல்வெளி வேண்டும், ஓடினாலும் முடியாத வேலை வேண்டும். என் ஒருவனுடைய அறியாமைக்கு அவன் இன்னொரு முறை பலியாகக் கூடாது. அழைத்துப் போங்கள். அந்தப் பூச்சிமருந்தைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள், உங்கள் ஆடுகளுக்குக் கொடுத்தாலும் அவற்றின் புழுக்கை அவன் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லில் போய்வந்தால் காதைப் பாருங்கள். கிண்ணத்தைச் சுவரோரம் வைத்தால் சாப்பிடமாட்டான், எங்களைப் பார்க்க முடியாதல்லவா, கூடத்துக்கு நடுவில் வைக்க வேண்டும். இடியோசைக்குப் பயப்படுவான், அப்போது பேசிக்கொண்டேயிருக்க வேண்டும், என்ன பேசினாலும் சரி, நான் பஸ் நேரங்களைச் சொல்வேன். பிறந்ததிலிருந்து நீங்களே வளர்த்த நாயைப் பற்றி உங்களுக்கே எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் மந்தை பெருகட்டும், மழை வேளைக்குப் பெய்யட்டும், பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லவும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டால், அவன் நடை முடிந்து கொஞ்சம் அசந்திருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி நான்கு நாளாகிறது, தபாலில் போட நேரமில்லை. அடுத்த மாதம் மந்தை ஓட்டும் போட்டி நடக்கிறதாமே, பயிற்சியாளர் சொன்னார். ஓடவிடலாம் என்று டாக்டரம்மாவும் எழுதிக்கொடுத்துவிட்டார், நேற்று மேஸ்திரி பெயரையும் என் பெயரையும் கொடுத்துவிட்டேன். பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தது, பார்த்தேன். தோற்றால் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. எனவே ஞாயிற்றுக்கிழமை நாயை அழைத்துப்போக வர வேண்டாம். வருவதானால் பழகுவதற்கு நல்ல சுறுசுறுப்பான ஆடாக இரண்டு கொண்டுவரவும். நாயைப் பற்றிய தீர்மானத்தைச் செயலாளரே வாபஸ் வாங்கிக்கொண்டார். கட்டட விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்து, மொட்டைமாடியில் ஆடு கூடாது என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான்.