பதினொரு ஆரோக்கியமானவர்கள்

மூன்றாம் நாளும் டப்பா வெறுமையாகவே இருந்தது. உதயரூபன் அதைத் துவாய்க்குள் மறைத்துக்கொண்டு மலசலகூடத்திலிருந்து வெளியே வந்தார்.

சுலோஜனா பார்த்துவிட்டாள்.

"இண்டைக்கும் இல்லையா?"

"இல்ல."

"நாளைக்கு எட்டு மணிக்கு வேன் வருமே."

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமான ஆட்கள் நார்ச்சத்துத் தூள் குடித்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் பெருகுமா என்று பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி. குருக்கள்மடத்தில் பதினொரு ஆண்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு வாரம் தினமும் ஒரு பாக்கெட் தூள். தொடக்கத்தில் ஒரு டப்பா மலம், முடிவில் ஒரு டப்பா. இரண்டும் கொடுத்தால் ஒரு கடிதம் கிடைக்கும்: 'ஆரோக்கியமானவராகப் பங்குபற்றினார்.'

அந்தக் கடிதத்துக்காகவே உதயரூபன் சேர்ந்தார். போன மாரியில் அரிசி மில்லில் மூட்டையோடு சரிந்து விழுந்ததிலிருந்து, கண்டவரெல்லாம் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள். சுகமென்று எவராவது எழுதித் தந்தால் திரும்ப எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். ஐம்பத்தொரு வயதில் அவரை ஆரோக்கியமானவர் என்று நம்பிய ஒரே ஆள், பெயர் பதிய வந்த காத்தான்குடிப் பிள்ளை ஷஸ்னாதான்.

பிழை உதயரூபனுடையது. பெரிய கோப்பை நிறையத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும்படி ஷஸ்னா மூன்று தரம் சொன்னாள். வாவிக்கரைக் கிணற்றின் உவர்த் தண்ணீரை யார் அவ்வளவு குடிப்பது? அவர் தூளைச் சோற்றில் கொட்டிச் சொதியோடு பிசைந்து சாப்பிட்டார். பெரிய கண்டுபிடிப்பென்று வாசிகசாலையில் மற்றப் பத்துப் பேருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

தூள் உள்ளே போய்ச் சீமெந்தாக இறுகியது. இளகட்டும் என்று இரண்டு பாக்கெட் போட்டார். பிறகு மூன்று. சுலோஜனா முழுப் பப்பாப்பழத்தை வெட்டி வைத்தாள். வயிறு மேளமானது, வேறு பலனில்லை. பேதிமருந்து குடித்தால் நீக்கப்படுவீர் என்று படிவத்திலேயே இருந்தது.

மிச்சமிருந்தது பின்வளவு நல்லரத்தினம்.

நல்லரத்தினம் ஆராய்ச்சியில் இல்லை. ஆள் தேர்ந்தெடுத்த அன்று, யாருக்கோ இரவல் கொடுத்த தோணியைத் தேடி வாவிக்குப் போயிருந்தான். தனிக்கட்டை. ஏணி, மண்வெட்டி, வலை, தேங்காய்த் திருவலை, ஊரில் யாருக்கு எது இல்லாவிட்டாலும் அவனுடைய வேலிக்குத்தான் போவார்கள். இல்லையென்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

உதயரூபன் வெயிலைப் பற்றியும், வாவியில் இறால் படாததைப் பற்றியும் அரை மணி நேரம் கதைத்துவிட்டு டப்பாவை எடுத்து நீட்டினார். நல்லரத்தினம் சிரிக்கவில்லை. ஏனென்றும் கேட்கவில்லை.

"விடிய வந்து எடுங்கண்ணன். மூடில பேர மட்டும் எழுதி வைங்க. மாறிப் போயிரும்."

நன்றியை எப்படிச் சொல்வதென்று உதயரூபனுக்குத் தெரியவில்லை. "நல்லா மெலிஞ்சிட்டாய்டா," என்றார்.

"ஆக்கித் தர ஆளில்லையே." நல்லரத்தினம் சாரனை இறுக்கிக் கட்டினான்.

வேன் வந்தது, டப்பா போனது, கடிதம் கைக்கு வந்தது. முதலாளி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். முதல் நாள் வேலை முடிந்து வந்த அன்று வீட்டில் ஆட்டிறைச்சி. நல்லரத்தினத்துக்கு ஒரு கோப்பை கறி கொண்டுபோய்க் கொடுக்கும்படி சுலோஜனா சொன்னாள். மூட்டை தூக்கிய களைப்பில் உதயரூபன் மறந்துபோனார்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் ஷஸ்னா பதினொரு பேரையும் வாசிகசாலைக்கு அழைத்தாள். உதயரூபன் மில் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். தன்னுடைய கிருமிகள்தான் ஊரிலேயே அதிகமாகப் பெருகியிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் நிலத்தைப் பார்த்தார். அதற்கடுத்தவரும் நிலத்தைப் பார்த்தார்.

ஷஸ்னா கடிதங்களைத் திருப்பிக் கேட்கவில்லை. கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள்.

"பதினொரு டப்பாவும் ஒரே ஆள்ட எண்டு தெரியும், நான் ஏச வரல்ல, அந்த ஆளுக்கு உள்ளுக்குள்ள ரெத்தம் போகுது, அவர்ர வீடு எது எண்டு மட்டும் காட்டுங்க."